மேல்மலைத் தண்ணீருக்கு வழி விடுதல்
இருக்கிற மண்ணையும் ஊர்ச் செடிகளையும் கொண்டு மழைநீரைக் கையாளுதல்

வீடு திரும்பியதும் எல்லோரும் முதலில் செய்வது உள்ளே படிந்திருக்கும் சேற்றை அள்ளுவதுதான். அடுப்பு, அலுமாரி, பிள்ளைகளின் புத்தகம் என்று கை தானாகவே உள்ளுக்குத்தான் போகும். அதற்கு முன் அரைமணி நேரம் ஒதுக்கி, வீட்டின் பின்பக்கம் ஏறிப் பாருங்கள். சேறு எங்கிருந்து வந்தது, தண்ணீர் எந்த வழியாக இறங்கியது, எந்தக் கான் அடைபட்டிருக்கிறது என்பதெல்லாம் இப்போது மண்ணில் எழுதிவைத்ததுபோலத் தெரியும். இன்னும் இரண்டு வாரத்தில் புல் முளைத்து அந்தத் தடம் மறைந்துவிடும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் நாட்டில் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதில் பெரும்பகுதி மலையக மாவட்டங்களில். நீங்கள் முகாமிலும் பாடசாலையிலும் உறவினர் வீட்டிலும் தங்கியிருந்தது அதனால்தான். அப்படியொரு மழையைப் புல்லும் கானும் தடுத்துவிடும் என்று இந்தப் பாடம் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் பெய்கிற சாதாரண மழைதான் சரிவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலவீனமாக்குகிறது. அந்த மழையை நாம் கையாளலாம். அதற்கு சீமெந்தோ பெரிய பணமோ தேவையில்லை. தேவையானவற்றில் அநேகமானவை உங்கள் மலையிலேயே இருக்கின்றன.

ஒரு நிபந்தனை உண்டு. உங்கள் லயம் அல்லது வீடு இருக்கும் இடத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி அமைப்பு பார்த்து, திரும்பி இருக்கலாம் என்று சொல்லியிருந்தால் மட்டுமே கீழே உள்ளதைச் செய்யுங்கள். இன்னும் யாரும் வந்து பார்க்கவில்லையென்றால் கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திலோ எழுத்தில் கேளுங்கள். இருக்கக்கூடாது என்று சொல்லப்பட்ட இடத்தில் எத்தனை வரிசை புல் நட்டாலும் அது இருக்கக்கூடாத இடம்தான்.

தண்ணீரின் கணக்கு

மழையை மில்லிமீற்றரில் சொல்கிறார்கள். ஒரு சதுர மீற்றர் இடத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் தண்ணீர். இதை மட்டும் ஞாபகம் வைத்திருந்தால் மிச்சக் கணக்கை நீங்களே போடலாம்.

புதிய தனிவீடு ஒன்றின் கூரை சுமார் 60 சதுர மீற்றர் என்று வையுங்கள். ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் பெய்தால் அந்தக் கூரையிலிருந்து மட்டும் 6,000 லீற்றர் விழும். பத்துக் காம்பரா உள்ள லயத்தின் தகரக்கூரை 250 சதுர மீற்றர் என்றால் 25,000 லீற்றர். நிறையில் 25 தொன். இவ்வளவும் லயத்தின் இரண்டு ஓரங்களில், ஒரு சாண் அகலக் கோட்டில் கொட்டுகிறது. கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் நிலம் குழிந்து, அத்திவாரக் கல் வெளியே தெரிவதை எத்தனை லயத்தில் பார்த்திருப்பீர்கள்!

இனிப் பின்பக்கச் சரிவு. 20 மீற்றர் அகலம், 30 மீற்றர் நீளமான தேயிலை மலை உங்கள் வீட்டை நோக்கிச் சரிந்திருந்தால் அதே மழையில் 60,000 லீற்றர் அதன் மேல் விழும். அதில் எவ்வளவு மண்ணுக்குள் போகும், எவ்வளவு மேலால் ஓடிவரும் என்பது மண்ணைப் பொறுத்தது. மண்ணை மூடியிருப்பதைப் பொறுத்தது. தேயிலை நெருக்கமாக வளர்ந்து, கீழே இலைச்சருகு கிடந்தால் துளிகள் மெதுவாக இறங்கும். செத்த மரங்களால் வெட்டவெளியான இடத்தில் துளி நேரடியாக மண்ணை அடித்து, மேல்பரப்பை மெழுகியதுபோல அடைத்துவிடும். பிறகு தண்ணீர் உள்ளே போகாது, ஓடத்தான் செய்யும்.

ஹட்டனுக்கும் கினிகத்தேனைக்கும் இடைப்பட்ட வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. அங்கே மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவமழை கடுமை. மலையின் கிழக்கு முகத்தில், ராகலை, வலப்பனைப் பக்கம், ஒக்டோபர் முதல் ஜனவரி வரைதான் பயம். உங்கள் வேலைகளை அதற்கேற்ப, மழை தொடங்குவதற்கு ஆறு வாரம் முன்னதாக முடித்துக்கொள்ளுங்கள்.

காலடி மண்

மலையகத்தின் பெரும்பகுதியில் இருப்பது செம்மஞ்சள் மண். மேலே ஒரு சாணோ இரண்டு சாணோ கறுத்த மேல்மண், அதன் கீழே சிவப்பு அல்லது மஞ்சள் களி, அதற்குக் கீழே உக்கிய பாறை. அந்தக் கறுப்பு மண்தான் தண்ணீரைப் பஞ்சுபோல உறிஞ்சிப் பிடித்துவைப்பது. கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் காடு வெட்டிய நாளிலிருந்து அது கழுவப்பட்டுவருகிறது. மலைநாட்டுத் தேயிலை நிலங்களில் ஒரு நூற்றாண்டில் சுமார் 30 சென்ரிமீற்றர் மேல்மண் போய்விட்டதென்பது மண்ணியலாளர் கணிப்பு. ஆபத்து அந்தக் காலத்திலேயே தெரியாமல் இல்லை. 1873இலேயே 5,000 அடிக்கு மேல் காடு வெட்டக்கூடாதென்று அரசு தடுத்தது. ஆனால் அதற்குக் கீழே வெட்டியதெல்லாம் வெட்டியதுதான்.

ஆகவே மிஞ்சியிருக்கும் மேல்மண்ணைப் பொன்போலப் பாருங்கள். வீட்டுக்குத் தளம் வெட்டும்போதோ கக்கூசுக் குழி தோண்டும்போதோ கறுப்பு மண்ணை வேறாகக் குவித்துச் சாக்கால் மூடிவையுங்கள். வேலை முடிந்ததும் அதே மண்ணை வெறும் களி தெரியும் இடங்களில் மேலே பரப்புங்கள். வெளியிலிருந்து மண் ஏற்றி நிரப்புவது செலவு மட்டுமல்ல, இறுகாத புதுமண் முதல் மழையிலேயே இறங்கும். வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் சரித்துவிடுவதும் அப்படியே. அது கீழ் வீட்டுக்காரரின் தலைக்கு மேல் வைத்த பாரம்.

உங்கள் இடத்து மண்ணை அறிய ஒரு சிறு சோதனை போதும். முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி உள்ளே பாருங்கள். ஒரே சீரான சிவப்பு அல்லது மஞ்சள் நிறமென்றால் தண்ணீர் கீழே இறங்கும் மண். சாம்பல் நிறத்தில் துருப்புள்ளிகள் இருந்தால் அங்கே நெடுநாள் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று அர்த்தம். பெரிய கல்லும் சிறிய கல்லும் மண்ணும் ஒழுங்கில்லாமல் கலந்து கிடந்தால் கவனம். அது எப்போதோ மேலே இருந்து இறங்கிவந்த மண்ணாக இருக்கலாம். ஒருமுறை இறங்கியது மறுமுறையும் இறங்கக்கூடும். அப்படிப்பட்ட இடத்தில் தோண்டும் வேலையை நிறுத்திவிட்டு, பார்த்ததைக் கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள்.

ஊறவிடுவதா, ஓடவிடுவதா?

இந்தப் பாடத்தில் மிக முக்கியமான பகுதி இதுதான். சமவெளி ஊர்களுக்கு எழுதப்பட்ட எந்தப் புத்தகத்தை எடுத்தாலும், மழைநீரை நிலத்திலேயே ஊறவிடுங்கள், வீட்டைச் சுற்றிக் குழி வெட்டித் தேக்குங்கள் என்றுதான் இருக்கும். யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் அது மிக நல்ல ஆலோசனை; கிணறு நிறையும். அதை அப்படியே எடுத்துவந்து லயத்துக்குப் பின்னால் உள்ள சரிவில் செய்தால் ஆளைக் கொல்லும்.

காரணம் எளிது. நாட்கணக்காகப் பெய்யும் மழையில் மண்ணுக்குள் இறங்கும் தண்ணீர் இரண்டு காரியம் செய்கிறது. மண்ணின் பாரத்தைக் கூட்டுகிறது. துகள்களுக்கு இடையே நிரம்பி, ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடியைத் தளர்த்துகிறது. பாரம் கூடிப் பிடி தளர்ந்தால் சரிவு கிளம்பும். பின்பக்க மலையில் நாம் வெட்டிய ஊறல்குழி அந்த வேலைக்கு உதவிதான் செய்யும்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தை தோட்டத்தில் மலை இறங்கி லயங்களைப் புதைத்தது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். அவர்களில் சிலருக்குத் திரும்பிவர வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. சில உடல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. தப்பியவர்கள் மாக்கல்தெனிய தேயிலைத் தொழிற்சாலையில் நெடுநாள் தங்கி, 2016இல்தான் பூனாகலையில் கட்டிய வீடுகளுக்குப் போனார்கள். அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை 2005இலும் 2011இலும் கொடுக்கப்பட்டிருந்தது. தெரிந்தும் ஏன் இருந்தார்கள் என்று தூரத்திலிருந்து கேட்பது சுலபம். போவதற்கு அவர்களுக்கு வேறு காணி இருக்கவில்லை. இந்தக் கைநூலை வாசிப்பவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

எனவே மலையகத்துக்கான விதி வேறு. மேல்சரிவில் துளியின் வேகத்தைக் குறையுங்கள், மண் கழுவப்படாமல் மூடிவையுங்கள். ஆனால் தண்ணீரைத் தேக்காதீர்கள். வீட்டை நோக்கி வரும் தண்ணீரைக் குறுக்கே மறித்து, மெதுவாகப் பக்கவாட்டில் நடத்தி, பாறையோ பழைய ஓடையோ உள்ள இடத்தில் இறக்கிவிடுங்கள். ஊறவிடுவதெல்லாம் வீட்டுக்குக் கீழே, தட்டையான இடத்தில், கீழே வேறு வீடு இல்லாவிட்டால் மட்டும்.

பழைய கான்கள்

இந்த விதி புதிதல்ல. உங்கள் பாட்டன்மார் வெட்டிய கான்கள் அதைத்தான் செய்தன. தேயிலை மலைகளில் குறுக்கே போகும் சிறு கான்கள் சரிவில் வரும் தண்ணீரைப் பிடித்து, 120 அடிக்கு ஓரடி என்ற மிக மெல்லிய இறக்கத்தில் நடத்தி, மேலிருந்து கீழாக ஓடும் பெரிய கானில் சேர்க்கும். சிறு கானுக்குள்ளே இடைக்கிடை வெட்டாமல் விட்ட மண்தடுப்பு இருக்கும். தண்ணீர் அதில் முட்டி, மண்ணைக் கீழே போட்டுவிட்டு, மேலால் வழிந்து போகும். மழை முடிந்ததும் அந்த மண்ணை அள்ளித் தேயிலைத் தூரில் போடுவது கான்வெட்டும் ஆட்களின் வேலை. வேலையாட்கள் குறைந்த பிறகு பல மலைகளில் இந்த வேலை நின்றுபோனது. கான் தூர்ந்து, அதற்குள்ளேயே புதர் வளர்ந்துவிட்டது. அடைபட்ட கான் இல்லாத கானைவிட மோசம். ஓரிடத்தில் உடைத்துக்கொண்டு மொத்தத் தண்ணீரையும் ஒரே வழியில் கீழே அனுப்பும்.

புதுக் கான் வெட்டுவதற்கு முன் பழையதைத் தேடுங்கள். ஊரில் வயதான ஒருவரைக் கூட்டிக்கொண்டு மலையேறினால் அவர் கால் தானாகவே காட்டிக்கொடுக்கும். அடைத்திருக்கும் மண்ணை எடுங்கள். ஆனால் கானின் அடியைச் சுரண்டி ஆழமாக்காதீர்கள். பக்கச் சுவரில் உள்ள புல்லைச் செதுக்காதீர்கள். ‘சுத்தமான கான்’ என்றால் நம் ஆட்களுக்குக் கத்தியால் வழித்தெடுத்தது போலிருக்கவேண்டும். அந்தப் பழக்கத்தை இந்த ஓர் இடத்தில் விட்டுவிடுங்கள். அடியில் மண் இல்லாமல், ஓரத்தில் குட்டைப் புல்லோடு இருப்பதே நல்ல கான்.

வீட்டுக்கு மேலே மறிக்கும் கான் கட்டாயம் வேண்டுமென்றால், அது பின்பக்க மண்வெட்டின் விளிம்பிலிருந்து சில மீற்றர் தள்ளி, மேலே இருக்கவேண்டும். விளிம்பை ஒட்டி வெட்டினால் கானே மண்வெட்டை இரண்டாகப் பிளந்துவிடும். தோட்டத்துக் காணி என்றால் நிர்வாகத்துக்கும் சொல்லிவிட்டு வெட்டுங்கள்.

இறக்கத்தைக் கண்ணால் மதிக்கமுடியாது. அதற்கு மூன்று கம்பால் ஏ வடிவச் சட்டம் ஒன்று கட்டலாம். ஒரே நீளமான இரண்டு கம்புகளை உச்சியில் கட்டி, கால்கள் இரண்டும் 2 மீற்றர் விரிந்திருக்கும்படி வைத்து, நடுவில் குறுக்குக் கம்பு ஒன்றைக் கட்டுங்கள். உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிடுங்கள். இரண்டு கால்களையும் நிலத்தில் ஊன்றி, நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். கால்களை இடம் மாற்றி அதே புள்ளிகளில் ஊன்றி இன்னொரு கோடு போடுங்கள். இரண்டு கோட்டுக்கும் சரிநடுவே போடும் மூன்றாவது கோடுதான் மட்டம். இப்போது ஒரு காலின் அடியில் ஒன்றரைச் சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடிய தடிப்பில் ஒரு மரத்துண்டை ஆணியடித்துவிடுங்கள். அந்தக் காலை, தண்ணீர் போகவேண்டிய பக்கம் முன்னே வைத்து, நூல் நடுக்கோட்டில் நிற்கும்படி அடி அடியாக நடந்தால், 120க்கு ஒன்று என்ற இறக்கம் தானாகக் கிடைக்கும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு முளை அடித்துக்கொண்டே போங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் கொடுத்தால் நம்மைவிட நேர்த்தியாகச் செய்யும்.

கான் முடியும் இடம்தான் பிழைக்கும் இடம். அங்கே கல் அடுக்கி, கல்லுக்கிடையே புல் நடுங்கள். அடுத்த லயத்தின் முற்றத்தில் முடியும் கானை யாரும் வெட்டவேண்டாம். அது சண்டையில் முடியும், அடுத்த மழையில் அதைவிட மோசமாக முடியும்.

எதை நடுவது, எதை விடுவது

மலையகத்தின் முதல் செடி மானாப்புல். பத்தனைப் புல்வெளிகளில் தானாக வளர்வது, மாடு அதிகம் கடிக்காது, குளிர் தாங்கும். பழைய தேயிலையைப் பிடுங்கி மறுநடுகை செய்வதற்கு முன் ஒன்றரை முதல் இரண்டு வருடம் மானாவோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்து மண்ணை ஆற்றச் சொல்வது தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் நெடுங்காலப் பரிந்துரை. அதனால் உங்கள் தோட்டத்தில் எங்காவது மானா இருக்கும். தூரைப் பிரித்து, இலையைச் சாண் உயரத்துக்கு வெட்டி, சரிவுக்குக் குறுக்கே இரட்டை வரிசையாக, சாணுக்கு ஒரு தூர் நடுங்கள். வளர்ந்த பிறகு வெட்டும் இலையை வெறும் மண்ணில் பரப்பலாம்.

வெட்டிவேர் இதைவிட ஆழமாகப் போகும். நல்ல இடத்தில் வேர் 2, 3 மீற்றர் நேராகக் கீழிறங்கும். 10 முதல் 15 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக நெருக்கி நட்டால் ஒரு வருடத்தில் வேலிபோல் அடைத்துவிடும். ஆனால் அது வெயில் விரும்பி. கினிகத்தேனை, நோர்வூட் பக்கம் நன்றாக வரும். பனி விழும் நுவரெலியா மேட்டில் சுணங்கிவிடும். அங்கே மானாவை நம்புங்கள். நிழலிலும் வெட்டிவேர் வராது.

பின்பக்க மண்வெட்டில் தானாக முளைக்கும் பெரணியைப் பற்றி ஒரு வார்த்தை. சிங்களத்தில் கெகில்ல என்று சொல்கிற அந்தப் பெரணி பாதையோர மண்வெட்டுகளில் பாய்விரித்ததுபோல் மூடியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். யாரும் நடாமல், எருப் போடாமல், செத்த களியிலும் வந்து மண்ணைப் பிடிக்கும் செடி அது. பாம்பு வரும், அட்டை வரும் என்று அதை வழித்தெடுப்பது வழக்கம். பயம் நியாயமானதே. அதனால் சுவரையும் முற்றத்தையும் ஒட்டி ஒரு மீற்றர் அகலத்துக்கு மட்டும் வெட்டிவைத்துவிட்டு, அதற்கு மேலே உள்ளதைத் தொடாமல் விடுங்கள்.

கானோரத்து ஈரத்தில் வல்லாரை நன்றாகப் படரும். மண்ணையும் மூடும், சம்பலுக்கும் ஆகும். கழிவுநீர் கலக்கும் கானில் வளர்ந்ததை மட்டும் சாப்பிடவேண்டாம். எப்போதும் ஈரம் நிற்கும் கீழ்ப்பகுதியில் சேம்பு, வசம்பு வைக்கலாம். கான் வாய்க்கு, ஹட்டனுக்குக் கீழே உள்ள ஊர்களில் அறுகு பிடிக்கும்; மேலே, அந்த இடத்தில் தானாக வந்திருக்கும் குட்டைப் புல்லே போதும். மூங்கில் ஓடைக்கரைக்கு ஏற்றது. வீட்டுக்குப் பின்னால் வேண்டாம்.

மரங்களில் அவசரப்படவேண்டாம். செங்குத்தான சரிவில் நெடிதுயர்ந்த டர்பன்டைன் மரம் காற்றில் ஆடி வேர்மண்ணை அசைக்கும் என்பது உண்மைதான். ஆனால் பயந்துபோய் எல்லாவற்றையும் ஒரே நாளில் தறித்தால், அடுத்த சில வருடங்களில் வேர்கள் உக்கி, மண்ணைப் பிடித்திருந்த கயிறுகளெல்லாம் ஒன்றாக அறுந்துபோகும். வீட்டில் விழக்கூடிய மரத்தை மட்டும் அனுமதி பெற்று வெட்டுங்கள். அடிக்கட்டையைப் பிடுங்காமல் விடுங்கள். பக்கத்தில் புல்லும் சிறு மரமும் வைத்த பிறகு அடுத்ததைப் பாருங்கள். உயரமான இடங்களில் காட்டுப்பூவரசு போன்ற நாட்டுமரக் கன்று கண்ணில் பட்டால் வெட்டாமல் வளரவிடுங்கள். வாழையை மண்வெட்டின் மேல்விளிம்பில் வரிசையாக வைக்கும் வழக்கம் நல்லதல்ல. பாரம் அதிகம், வேர் ஆழமில்லை. வாழைக்கு இடம் வீட்டுக்குக் கீழே, கழுவுநீர் போகும் பக்கம்.

அழகான மஞ்சள் பூ என்று நுவரெலியாப் பக்கத்து முட்செடியான கோர்ஸைக் கொண்டுவந்து வேலியாக்கவேண்டாம். வெள்ளைக்காரன் கொண்டுவந்த அது இன்று ஹோட்டன் சமவெளியில் நாட்டுப் புல்லை அழித்துக்கொண்டிருக்கிறது.

கவ்வாத்து வெட்டும் காலத்தில் மிலாறு அடுப்புக்கு வேண்டும். எரிவாயு விலையில் அதைக் குறை சொல்ல முடியாது. தடித்த மிலாறை எடுத்துக்கொண்டு, இலையும் ஈர்க்கும் உள்ள நுனிகளை மலையிலேயே குறுக்காகப் போட்டுவிடுங்கள். கவ்வாத்து வெட்டிய மலை மூன்று நான்கு மாதம் நிர்வாணமாக நிற்கும். அப்போது அதற்கு வேறு போர்வை இல்லை.

வீட்டைச் சுற்றி

கூரைக்குப் பீலி போட முடிந்தால் போடுங்கள். முடியாவிட்டால் தண்ணீர் விழும் கோட்டில் முழங்கை அகலத்துக்கு உடைகல் பரப்பி, வீட்டுக்கு வெளிப்பக்கம் இறக்கம் வைத்துச் சிறு கான் விடுங்கள். லயமென்றால் ஒரு காம்பரா மட்டும் செய்து பயனில்லை. பத்துக் குடும்பமும் ஒரே நாளில் சேர்ந்து செய்தால் காலையில் தொடங்கி மத்தியானத்துக்குள் முடியும். பீப்பாயில் பிடிக்கும் தண்ணீர் கழுவத் துடைக்க உதவும். நிறைந்து வழிவது எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். நுளம்பு வராமல் வலைத்துணியால் மூடுங்கள்.

மலைக்கு மேலே தண்ணீர்த் தொட்டியும் உடைந்த குழாயும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மழையில்லாத நாளிலும் இரவுபகலாகச் சொட்டும் ஒரு குழாய் சரிவை நனைத்துக்கொண்டே இருக்கும். கக்கூசுக் குழியும் அப்படித்தான். அது வீட்டுக்கு மேலே வரக்கூடாது. கல்கட்டில் விட்டிருக்கும் துளைகளைக் குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். அந்தத் துளை அடைத்தால் பின்னால் தேங்கும் தண்ணீர் கட்டையே தள்ளிவிடும்.

7 பேர்ச் காணியில் மரக்கறி போடுகிறவர்கள் பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள். கரட்டும் லீக்ஸும் தண்ணீர் நின்றால் அழுகும் என்று மேலிருந்து கீழாகப் பாத்தி பிடிப்பது நுவரெலியாவில் சாதாரணம். பயிர் தப்பும், மண் போகும். குறுக்குப் பாத்திக்குக் கானைப்போலவே மெல்லிய இறக்கம் வைத்தால் இரண்டும் தப்பும்.

யாருடைய வேலை?

கேள்வி நியாயமானது. மலை தோட்டத்துக்குச் சொந்தம், லயம் தோட்டத்துக்குச் சொந்தம், பாதை பிரதேச சபைக்கு. மண் விழுவது மட்டும் நம் தலையில். பெரிய கான்கள், கல்கட்டுகள், பாதையோர மதகுகள் இவை குடும்பங்கள் சம்பளமில்லாமல் செய்யவேண்டிய வேலையல்ல. அவற்றைப் பட்டியலிட்டு, முடிந்தால் தொலைபேசியில் படமெடுத்து, திகதி போட்டு, தோட்ட நிர்வாகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் கடிதம் கொடுங்கள். ஒரு பிரதியில் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 1951ஆம் ஆண்டின் மண் பாதுகாப்புச் சட்டம் காணி வைத்திருப்பவருக்கே மண்ணைக் காக்கும் பொறுப்பைச் சுமத்துகிறது என்பதையும் கடிதத்தில் ஒரு வரியில் எழுதலாம். அதுவரை, வீட்டைச் சுற்றியுள்ள சிறு கானையும் புல்வரிசையையும் நாமே பார்ப்போம். அது நமக்காக.

மழை பெய்யும்போது

நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, கதவு திடீரென இறுகுதல், மரமோ மின்கம்பமோ சாய்தல், வழக்கமில்லாத இடத்தில் ஊற்று கிளம்புதல், ஓடும் ஊற்று சட்டென நின்றுபோதல், தெளிந்த பீலித் தண்ணீர் கலங்கி வருதல். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றிரவு அங்கே தூங்கவேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. மலையில் கண்ட வெடிப்புக்குள் தண்ணீர் இறங்காமல் களிமண்ணால் அடைத்து மூடலாம். ஆனால் அதை மழை விட்ட பிறகு, அதிகாரிக்குச் சொல்லிய பிறகு செய்யுங்கள்.

மழையை அளக்க ஒரு லயத்துக்கு ஒரு பாத்திரம் போதும். அடியும் வாயும் ஒரே அகலமான, பக்கம் நேரான டப்பா ஒன்றை மரமோ கூரையோ மறைக்காத வெளியில், காற்றில் சாயாதபடி கல் அணைத்து வையுங்கள். பாடசாலை அடிமட்டத்தால் தண்ணீரின் உயரத்தை அளந்தால் அதுவே மில்லிமீற்றர் கணக்கு. தினமும் ஒரே நேரத்தில் அளந்து எழுதி, கொட்டிவிட்டுத் திரும்ப வையுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி அமைப்பின் அளவுகளின்படி, 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு. சரிவையும் கானையும் போய்ப் பாருங்கள். 100 என்றால் அடையாள அட்டை, மருந்து, பிள்ளைகளின் உடுப்பு, உறுதிப் பத்திரங்கள் ஒரு பையில் இருக்கவேண்டும். நடக்க முடியாத பெரியவர்களை முன்கூட்டியே அனுப்புங்கள். 150 என்றால், அல்லது ஒரு மணித்தியாலத்துக்குள் 75 பெய்தால், எல்லோரும் வெளியேறவேண்டும். அறிவித்தல் வரும்வரை காத்திருக்கவேண்டாம். மலையில் மின்சாரமும் தொலைபேசியும் முதலில் போய்விடும். எந்த வழியாக, யார் வீட்டுக்கு அல்லது எந்தப் பாடசாலைக்குப் போவது என்பதை வெயில் காலத்திலேயே ஒருமுறை நடந்து பார்த்துவையுங்கள். அந்த வழி ஓடையைக் கடக்கக்கூடாது, மண்வெட்டுக்குக் கீழால் போகக்கூடாது. இருட்டிய பிறகு அளக்கவேண்டிய நிலை வரும் என்று தோன்றினால், மாலை ஐந்து மணிக்கே ஒருதரம் அளந்துவிடுங்கள்.